பழைய கிரெடிட் கார்டு பாக்கிக்கு ஏஜென்ட் அழைத்தால்: முதல் போன் முதல் என்.ஓ.சி. வரை

"சார், உங்க பேர்ல அம்பத்தெட்டாயிரம் டியூ இருக்கு. இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பாதியாவது கட்டலைன்னா கேஸ் ஃபைல் ஆயிடும். உங்க ஆபீசுக்கே ஆள் வரும், பரவால்லையா?"

ஐந்தாறு வருடத்துக்கு முன் வாங்கிய கார்டு. வேலை போனபோதோ ஊர் மாறியபோதோ கட்டாமல் விட்டது. பில் பழைய முகவரிக்குப் போயிருக்கும், பழைய நம்பருக்கு மெசேஜ் வந்திருக்கும். திடீரென ஒருநாள் இப்படி ஒரு குரல். இதை முதன்முதலாகக் கேட்பவர்களுக்குக் கை நடுங்குவது இயல்பு. அந்த நடுக்கத்தில்தான் பலரும் தவறான ஆளுக்குப் பணம் அனுப்புகிறார்கள், கட்டத் தேவையில்லாத தொகைக்குத் தலையாட்டுகிறார்கள், அம்மாவின் நகையை அடகு வைக்கிறார்கள்.

இந்தியாவில் வங்கி, நிதி நிறுவனங்களின் பழைய பாக்கிக்காக வசூல் ஏஜென்சி தொடர்பு கொண்டால் என்ன வரிசையில் நகர வேண்டும் என்பதற்கான வழிகாட்டி இது. பெரும்பகுதி கிரெடிட் கார்டு பற்றியது, தனிநபர் கடனுக்கும் பொருந்தும். பழைய போஸ்ட்பெய்டு பில்லுக்குச் சட்டம் கொஞ்சம் வேறு என்பதால் அதைத் தனியாகச் சொல்கிறேன். எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: போனில் பேசப் பேச அவர்கள் கை ஓங்கும், எழுத்துக்கு வந்துவிட்டால் உங்கள் கை ஓங்கும். ஆகவே முதல் வேலை, பேச்சை எழுத்துக்குக் கொண்டுவருவது.

முதல் அழைப்பில் என்ன பேசுவது

சண்டை போட வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். கேள்வி கேட்பவர் நீங்களாக இருங்கள்.

"சார், உங்க பேர் என்ன? எந்த ஏஜென்சி? எந்த பேங்க் சார்பா பேசுறீங்க? பேங்க் உங்களுக்குக் கொடுத்த ஆத்தரைசேஷன் லெட்டரையும் ஸ்டேட்மென்ட்டையும் மெயில்ல அனுப்புங்க. பார்த்துட்டு பேங்குக்கு எழுத்துல பதில் சொல்றேன். போன்ல எதையும் பேச விரும்பலை."

இவ்வளவு போதும். திரும்பத் திரும்ப அழுத்தினாலும் இதையே சொல்லிவிட்டு வையுங்கள். அழைத்த எண், தேதி, நேரம், சொன்ன பெயர், சொன்ன தொகை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கால் ரெக்கார்டிங் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

சொல்லக்கூடாதவை சில உண்டு. "ஆமா சார், கட்டணும்தான், அடுத்த மாசம் பார்க்குறேன்" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். அதையே வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுதவே எழுதாதீர்கள். காரணம் கீழே வருகிறது. பிறந்த தேதி, பான் எண், கார்டு எண், இப்போது வேலை பார்க்கும் இடம், புதிய முகவரி எதையும் கொடுக்க வேண்டாம். "வெரிஃபை பண்ணணும் சார்" என்பார்கள். அழைத்தவர் அவர், எனவே யாரென்று நிரூபிக்க வேண்டியவரும் அவரே. ஓ.டி.பி. கேட்டாலோ, ஏதாவது செயலியை இறக்கச் சொன்னாலோ அது வசூல் அல்ல, மோசடி. உடனே துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

"நல்லெண்ணத்துக்கு ஒரு ஆயிரம் ரூபாயாவது போடுங்க சார், நான் மேலிடத்துல பேசுறேன்" என்பதும் வழக்கமான பேச்சு. போடாதீர்கள். அந்த ஆயிரம் உங்கள் நிலுவையில் பெரிதாக எதையும் குறைக்காது, ஆனால் காலக் கணக்கில் சிக்கலை உண்டாக்கலாம்.

அழைப்பவர் யார்

இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. வங்கியின் சொந்த வசூல் பிரிவாக இருக்கலாம். வங்கி நியமித்த ஏஜென்சியாக இருக்கலாம். கடன் அப்போதும் வங்கியுடையதுதான், ஏஜென்சி கமிஷனுக்கு வேலை செய்கிறது. அல்லது வங்கி அந்தக் கடனையே ஒரு சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு, பேச்சுவழக்கில் ஏ.ஆர்.சி.க்கு, விற்றிருக்கலாம். அப்படியானால் இனி நீங்கள் கணக்குத் தீர்க்க வேண்டியது அந்த நிறுவனத்தோடு. ஆனால் கடன் அவர்களுக்கு மாற்றப்பட்டதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கக்கூடாது. ஏ.ஆர்.சி. என்று சொல்லிக்கொள்பவர் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றவரா என்பதை ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் பார்த்துவிடலாம். இந்த மூவரில் யாருமில்லை என்றால் மோசடிக்காரராக இருக்கவே வாய்ப்பு அதிகம். பழைய வாடிக்கையாளர் பட்டியல்கள் எங்கெங்கோ கைமாறுகின்றன. உங்கள் பெயரும் பழைய கார்டின் கடைசி நான்கு எண்களும் ஒருவருக்குத் தெரிந்திருப்பதாலேயே அவர் வங்கியின் ஆள் ஆகிவிடமாட்டார்.

2008 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இங்கே கைகொடுக்கும். ஒரு கடனை ஏஜென்சியிடம் ஒப்படைக்கும்போது அந்த ஏஜென்சி யார் என்பதை வங்கி வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். நேரில் வரும் ஏஜென்ட் நோட்டீஸ் நகல், வங்கியின் அங்கீகாரக் கடிதம், அடையாள அட்டை மூன்றையும் வைத்திருக்க வேண்டும். வாசலில் ஒருவர் வந்து நின்றால், உள்ளே அழைக்கும் முன் இந்த மூன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், முடிந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தரத் தயங்குபவரிடம் பேச ஒன்றுமில்லை.

ஏஜென்ட் கொடுத்த எண்ணை அழைத்துச் சரிபார்ப்பது வீண். வங்கியின் இணையதளத்திலோ கார்டின் பின்புறத்திலோ இருக்கும் எண்ணை நீங்களே அழைத்து, இந்த ஏஜென்சியிடம் என் கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்து, கிரெடிட் ரிப்போர்ட்

எல்லோரும் 'சிபில்' என்றே சொன்னாலும் இந்தியாவில் இந்தத் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். அவரவர் இணையதளத்திலேயே எடுங்கள். இடையில் இருக்கும் கடன் விற்கும் செயலிகள் தருவது பெரும்பாலும் ஸ்கோரும் சுருக்கமும்தான். நமக்கு வேண்டியது முழு விவரம்.

ரிப்போர்ட் வந்ததும் மேலே தெரியும் மூன்று இலக்க ஸ்கோரில் நின்றுவிடாதீர்கள். கீழே இறங்கி, பிரச்சினைக்குரிய கணக்கைத் தேடுங்கள். அங்கே கணக்கு திறந்த தேதி, கடைசியாகப் பணம் கட்டிய தேதி, இப்போதைய நிலுவை, தவணை தவறிய தொகை, வங்கி தள்ளுபடிக் கணக்கில் எழுதியிருந்தால் அந்தத் தொகை ஆகியவை இருக்கும். அடியில் மாதவாரியாகச் சின்னக் கட்டங்கள்: 000 என்றால் அந்த மாதம் பாக்கி இல்லை, 030, 060, 090 என்றால் கெடு கடந்து அத்தனை நாள். அந்த வரிசையில் 000 எந்த மாதம் முடிந்து எண்கள் ஏறத் தொடங்கின என்று பாருங்கள். அந்த மாதத்தையும், கடைசியாகப் பணம் கட்டிய தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுவதும் இந்த இரண்டு தேதிகளைச் சுற்றித்தான்.

'ரிட்டன் ஆஃப்' என்று போட்டிருந்தால் கடன் ரத்தாகிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் வாராக் கடனாகத் தள்ளி எழுதியிருக்கிறது, அவ்வளவே. கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது.

ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கே இல்லை என்றாலோ, ஏஜென்ட் சொன்ன தொகைக்கும் இங்கே இருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருந்தாலோ, வங்கிக்கு எழுதும்போது அதையும் கேள்வியாக வையுங்கள்.

மூன்று ஆண்டுக் கணக்கு

1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, பிணையில்லாத இப்படிப்பட்ட பணப் பாக்கிக்கு நீதிமன்றத்தில் வழக்குப் போட பொதுவாக மூன்று ஆண்டுகள்தான். தவணை தவறியதிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். காலம் கடந்துவிட்டால் கடன் மறைந்துவிடாது. வங்கி கேட்கலாம், ரிப்போர்ட்டிலும் இருக்கும். ஆனால் வழக்குப் போட்டு வசூலிக்கும் வழி அடைபட்டுவிடுகிறது. "கேஸ் போடுவோம்" என்ற மிரட்டலின் பல்லைப் பிடுங்கும் விஷயம் இதுதான். எனவே கணக்கைச் சரியாகப் போட வேண்டும்.

மூன்று ஆண்டு முடிவதற்குள் நீங்கள் கையெழுத்திட்டு எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டிருந்தால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். இது 18-ஆம் பிரிவு. கெடுவுக்குள் ஒரு பகுதியைக் கட்டி, அதற்கு உங்கள் கைப்பட எழுதிய அல்லது கையெழுத்திட்ட பதிவு இருந்தாலும் அப்படியே. இது 19-ஆம் பிரிவு. மூன்று ஆண்டு முடிந்த பிறகு "கட்டிவிடுகிறேன்" என்று கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 25(3) பிரிவின்படி அதுவே புதிய ஒப்பந்தமாகிவிடும். மின்னஞ்சலையும் நீதிமன்றங்கள் எழுத்தாக எடுத்துக்கொள்கின்றன. ஏஜென்ட்கள் ஒரு வரியாவது எழுதி வாங்கத் துடிப்பதும், வாட்ஸ்அப்பில் "எப்ப கட்டுவீங்க, ரிப்ளை பண்ணுங்க" என்று நச்சரிப்பதும் சும்மா அல்ல.

கொரோனா காலத்தைக் கணக்கில் சேர்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான காலத்தைக் காலவரையறையிலிருந்து கழித்துவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. உதாரணமாக, 2018 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தவணை தவறியது, அதன்பின் எதுவும் கட்டவுமில்லை, எழுதவுமில்லை என்று வைத்துக்கொள்வோம். வெறும் மூன்று ஆண்டு என்றால் 2021 ஆகஸ்டில் முடிந்திருக்கும். 2020 மார்ச் 15-இல் கடிகாரம் நின்றபோது ஏறத்தாழ ஓராண்டு நான்கு மாதம் மூன்று வாரம் மீதி இருந்தது. அது 2022 மார்ச் 1 முதல் மறுபடி ஓடும். ஆக, கெடு 2023 ஜூலை வரை நீள்கிறது.

இது பிணையில்லாக் கடனுக்கான கணக்கு. வீட்டை அடமானம் வைத்த கடனுக்கு வேறு கணக்கு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தொகை பெரிதாக இருந்தாலோ, தேதிகள் இழுபறியாக இருந்தாலோ, ஒரு வழக்கறிஞரிடம் ஆவணங்களைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும். பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். தேசிய உதவி எண் 15100.

வங்கிக்கு எழுதுவது

இப்போது உங்களிடம் தகவல் இருக்கிறது, எழுதலாம். ஏஜென்சிக்கு அல்ல, வங்கிக்கு. அதன் இணையதளத்தில் குறைதீர் அலுவலர், நோடல் அதிகாரி ஆகியோரின் மின்னஞ்சல் முகவரிகள் இருக்கும். தமிழிலோ ஆங்கிலத்திலோ, இப்படி:

"என் பெயரில் பாக்கி இருப்பதாகக் கூறி, உங்கள் ஏஜென்சி என்று சொல்லிக்கொள்ளும் ஒரு நிறுவனம் (பெயர், எண்) இந்தத் தேதியில் என்னைத் தொடர்பு கொண்டது. இந்தக் கோரிக்கையை நான் ஏற்கவில்லை, மறுக்கிறேன். இந்தக் கடிதத்தில் உள்ள எதுவும் கடனை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படக் கூடாது. கீழ்க்கண்டவற்றை எனக்கு அனுப்பவும்: நான் கையெழுத்திட்ட விண்ணப்பத்தின் நகல், கணக்கு தொடங்கியது முதல் இன்றுவரையிலான முழு ஸ்டேட்மென்ட், கடைசியாகப் பணம் கட்டிய தேதி, அசல், வட்டி, அபராதம், வரி எனப் பிரித்த கணக்கு, இந்த ஏஜென்சியை நீங்கள் நியமித்ததற்கான கடிதம். கடனை வேறு நிறுவனத்துக்கு மாற்றியிருந்தால் அதற்கான ஆவணம். இந்தப் புகாருக்கு முடிவு வரும்வரை என்னை எழுத்து மூலம் மட்டும் தொடர்பு கொள்ளவும்."

அனுப்பியதும் புகார் எண் வரும். அதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஒரு வாடிக்கையாளரின் புகார் நிலுவையில் இருக்கும்போது, அதை முடித்துவைக்காமல் அவரது கணக்கை வசூல் ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது என்று மேலே சொன்ன 2008 சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. வேண்டுமென்றே பொய்ப் புகார்களைத் தொடர்ந்து கொடுப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. எனவே அடுத்த முறை ஏஜென்ட் அழைத்தால் ஒரே பதில்: "பேங்க்ல கம்ப்ளெய்ன்ட் பெண்டிங்ல இருக்கு, நம்பர் இது. எழுதிக்குங்க சார்."

கணக்கு வந்த பிறகு

மூன்றில் ஒன்றாக இருக்கும். கடன் உங்களுடையதே அல்ல; கடன் உங்களுடையது, ஆனால் தொகை ஊதிப்போயிருக்கிறது; எல்லாமே சரி.

உங்களுடையது இல்லையென்றால், பெயர்க் குழப்பமோ ஆவணத் திருட்டோ எதுவானாலும், வங்கியிலும் கிரெடிட் தகவல் நிறுவனத்திலும் ஒரே நேரத்தில் ஆட்சேபணை பதியுங்கள். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் அதற்கு மேலான ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் விதி.

தொகை ஊதிப்போன வகைதான் மிக அதிகம். கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். 20,000 ரூபாய் அசல், கூட்டு வட்டியில் ஓராண்டில் 30,200-ஐத் தாண்டும். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 32,000 ஆகிவிடும். தாமதக் கட்டணங்கள் தனி. எனவே பிரித்த கணக்கை வரிவரியாகப் பாருங்கள். கட்டாமல் விட்ட கட்டணங்களையும் வரியையும் அசலோடு சேர்த்து அவற்றுக்கும் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 கார்டு விதிமுறை சொல்கிறது. போட்டிருந்தால் அந்த வரியைக் கோடிட்டுத் திருப்பி அனுப்புங்கள். நீங்கள் கேட்காத காப்பீட்டுக் கட்டணம், பயன்படுத்தாத கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் போன்றவையும் இப்படித்தான் வெளியே வரும். மூலமே ஒரு ஆண்டுக் கட்டணமாக இருந்து, அதன் மேல் வட்டி ஏறி ஏறி ஐந்து இலக்கமான கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றுக்குத் தலைவணங்கவே தேவையில்லை.

எல்லாம் சரி, வாங்கிய பணம்தான், கட்ட வேண்டியதுதான் என்றால், என் கருத்தில் கட்டுவதே நல்லது. காலவரையறை முடிந்திருந்தாலும், ரிப்போர்ட்டில் கறையாக நிற்கும் ஒரு பாக்கி, நாளை வீட்டுக் கடனுக்குப் போகும்போது முதல் கேள்வியாக வரும். ஆனால் எப்படி, எவ்வளவு, எப்போது கட்டுவது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். மீட்டர் வட்டிக்கு வாங்கிக் கார்டு பாக்கியைக் கட்டாதீர்கள். கேட்பது ஏஜென்ட் என்பதற்காக, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் அம்மாவின் மருந்துச் செலவையும் தள்ளிவைக்காதீர்கள்.

செட்டில்மென்ட் பேசும்போது

முழுத் தொகையையும் கட்டி முடித்தால் ரிப்போர்ட்டில் கணக்கு 'க்ளோஸ்டு' ஆகும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' என்று பதிவாகும். அடுத்துக் கடன் தரும் வங்கி இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்காது. இரண்டு மூன்று வருடத்தில் வீட்டுக் கடன் எண்ணம் இருந்து, கையில் பணமும் இருந்தால், அபராதத்தையும் வட்டியையும் குறைக்கச் சொல்லிப் பேசுங்கள். மீதியை முழுதாகக் கட்டி, கணக்கை 'க்ளோஸ்டு' என்று பதிவதாக எழுதி வாங்குங்கள். அந்த எண்ணம் இல்லை, பணமும் தட்டுப்பாடு என்றால் செட்டில்மென்ட்டே போதும்.

பேரத்தை அசலிலிருந்து தொடங்குங்கள், அவர்கள் சொல்லும் மொத்தத்திலிருந்து அல்ல. "அசல் இவ்வளவு, அதில் இவ்வளவு ஒரே தவணையில் தர முடியும்" என்று வங்கிக்கே எழுதுங்கள். கடிதத்தின் தலைப்பில் 'உரிமைகளுக்குப் பாதகமின்றி, தீர்வுக்காக மட்டும்' என்று போடுங்கள். காலவரையறை முடிந்த கடனென்றால் இந்தக் கடிதத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு அனுப்புவது உத்தமம். மாதக் கடைசியிலும், முக்கியமாக மார்ச்சிலும், குறைத்துக்கொள்ள அவர்கள் இறங்கிவருவார்கள். "இந்த ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான்" என்பது அடுத்த மாதமும் வரும்.

பணம் கட்டுவதற்கு முன் கடிதம் கைக்கு வர வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்தாதீர்கள். வங்கியின் லெட்டர்ஹெட்டில் அல்லது வங்கியின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வர வேண்டும். அதில் கணக்கு எண், கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி, இது முழுமையான இறுதித் தீர்வு, மீதி தள்ளுபடி செய்யப்படுகிறது, ரிப்போர்ட்டில் எப்படிப் பதியப்படும் என்பவை இருக்க வேண்டும். ஏஜென்சியின் ஜிமெயிலிலிருந்து வரும் பி.டி.எஃப். செல்லாது. கடிதம் உண்மையானதா என்று வங்கியின் எண்ணை அழைத்துக் கேட்டுவிட்டு, வங்கியின் இணையதளம் வழியாகவோ கார்டு கணக்குக்கு நேரடியாகவோ கிளையில் டி.டி.யாகவோ கட்டுங்கள். ஏஜென்டின் ஜிபே எண்ணுக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

காசோலையும் கொடுக்காதீர்கள். பாக்கி வைத்திருப்பது வெறும் சிவில் விவகாரம். நீங்கள் கொடுத்த காசோலை திரும்பினால் அது நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் குற்ற வழக்காகிவிடும். "செக்யூரிட்டிக்கு ஒரு ப்ளாங்க் செக் குடுங்க சார்" என்பதன் உள்நோக்கம் அதுதான்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பாக்கி உள்ள அதே வங்கியில் உங்கள் சேமிப்புக் கணக்கு இருந்தால், அதில் உள்ள பணத்தை வங்கி நிறுத்திவைக்கவும் ஈடுகட்டவும் வாய்ப்பு உண்டு. சம்பளம் வேறு வங்கிக்குப் போகும்படி மாற்றிக்கொள்வது உங்கள் உரிமை.

மிரட்டினால்

காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. 2022 ஆகஸ்ட் 12 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை இதை வங்கிகள், நிதி நிறுவனங்கள், ஏ.ஆர்.சி.க்கள் எல்லோருக்கும் விதித்திருக்கிறது. மகளிர் குழுக்களுக்குத் தரப்படும் மைக்ரோஃபைனான்ஸ் கடனுக்கு இன்னும் இறுக்கம்: காலை 9 முதல் மாலை 6 வரை மட்டும். பொது இடத்தில் அவமானப்படுத்துவது, குடும்பத்தினர், நண்பர்கள், ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள் ஆகியோரைத் தொந்தரவு செய்வது, கண்ட மெசேஜ் அனுப்புவது, ஓயாமல் அழைப்பது, பொய் சொல்லிப் பயமுறுத்துவது எல்லாமே அந்த 2022 சுற்றறிக்கையில் தடை. ஏஜென்ட் செய்வதற்கு வங்கியே பொறுப்பு. அடியாள் வைத்து வசூலிப்பதை 2007-இலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது.

பணம் கட்ட முடியாததற்காக மட்டும் போலீஸ் யாரையும் கைது செய்ய முடியாது. "ஸ்டேஷன்ல இருந்து பேசுறேன்" என்ற குரலும், வாட்ஸ்அப்பில் முத்திரையோடு வரும் 'வாரண்ட்' படமும் பொய். அவற்றை அழிக்காமல் வையுங்கள், சாட்சியம் அது. முதலில் வங்கியிடம் புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் பதியலாம். விவரம் கேட்க 14448. உடலுக்கோ மானத்துக்கோ ஆபத்து வரும்படி மிரட்டினால் காத்திருக்க வேண்டாம், பாரதிய நியாய சன்ஹிதா 351-ஆம் பிரிவில் குற்றவியல் மிரட்டலாக உள்ளூர் காவல் நிலையத்தில் அன்றே புகார் கொடுங்கள்.

வருவதெல்லாம் பொய் என்றும் ஒதுக்கிவிடக் கூடாது. நீதிமன்றச் சம்மன் வந்தால் அதிலுள்ள வழக்கு எண்ணை இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டுப் பாருங்கள். உண்மையாக இருந்தால் குறித்த நாளில் போய்த்தான் ஆக வேண்டும். போகாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும், காலம் கடந்த கடன் என்ற வாதத்தையும் எடுத்துவைக்க ஆளிருக்காது. ஆர்பிட்ரேட்டர் (நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் நடுவர்) பெயரில் நோட்டீஸ் வந்தாலும் அப்படியே, எழுத்தில் ஆட்சேபணை அனுப்புங்கள். லோக் அதாலத், அதாவது மக்கள் நீதிமன்ற, நோட்டீஸ் என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உண்மைதானா என்று கேளுங்கள். வழக்குக்கு முந்தைய லோக் அதாலத்துக்குப் போகாததற்காகக் கைதெல்லாம் கிடையாது. போனால், அங்கே கையெழுத்திடும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. பிடிக்காத தொகைக்குக் கையெழுத்துப் போடாமல் எழுந்து வரலாம்.

அப்பா இறந்துவிட்டார், அவர் கார்டு பாக்கிக்கு மகனையோ மகளையோ அழைக்கிறார்கள் என்ற நிலையும் அடிக்கடி வருகிறது. நீங்கள் இணைக் கடன்தாரரோ ஜாமீன்தாரரோ இல்லையென்றால் உங்கள் சொந்தச் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. அவர் விட்டுச்சென்ற சொத்து உங்களுக்கு வந்திருந்தால் அந்த அளவுக்கு மட்டுமே பொறுப்பு. இறப்புச் சான்றிதழை வங்கிக்கு அனுப்பி, இதை எழுத்தில் சொல்லிவிடுங்கள். துக்க வீட்டில் போனில் பேரம் பேச யாருக்கும் கடமை இல்லை.

பழைய போஸ்ட்பெய்டு, பிராட்பேண்ட் பில்

இவை கடன் அல்ல, ஆகவே மேலே சொன்ன ரிசர்வ் வங்கி விதிகள் இங்கே செல்லாது. மூன்றாண்டுக் கணக்கும் மிரட்டலுக்கு எதிரான சட்டமும் செல்லும். தொலைத்தொடர்பு நிறுவனங்களும் கிரெடிட் ரிப்போர்ட்டில் பதிகின்றன என்பதால் சில நூறு ரூபாய் பில் என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் இணைப்பைத் துண்டிக்கச் சொன்ன பிறகும் ஓடிய வாடகை, திருப்பிக் கொடுத்த மோடத்துக்குக் கட்டணம் என்றுதான் இருக்கும். துண்டிக்கக் கேட்ட மெசேஜ், மோடம் கொடுத்த ரசீது இருந்தால் தேடி எடுங்கள். நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து எண் வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம். தொலைபேசி பில் வழக்குகளை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தாலே பல பில்கள் காணாமல் போய்விடுகின்றன.

கட்டி முடித்த பிறகு

ரசீது மட்டும் போதாது. பாக்கி இல்லை என்ற என்.ஓ.சி. கடிதத்தை வங்கியிடம் கேட்டு வாங்குங்கள், வராவிட்டால் அதற்கும் ஒரு புகார் எண் வாங்குங்கள். ஓரிரு மாதம் கழித்து மறுபடி ரிப்போர்ட் எடுத்து, நிலுவை பூஜ்யமாகியிருக்கிறதா, கடிதத்தில் சொன்ன வார்த்தைதான் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருக்காவிட்டால் என்.ஓ.சி.யை இணைத்து ஆட்சேபணை பதியுங்கள். அதே 30 நாள், அதே நாளுக்கு 100 ரூபாய் கணக்கு.

செட்டில்மென்ட் கடிதம், பணம் கட்டிய ரசீது, என்.ஓ.சி., புதிய ரிப்போர்ட் நான்கையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி மெயிலில் உங்களுக்கே அனுப்பிவையுங்கள். காகிதத்தையும் தூக்கிப் போடாதீர்கள். தீர்ந்த கணக்குகளே பழைய பட்டியலில் கிடந்து வேறொரு ஏஜென்சியின் கைக்குப் போய், ஒன்றிரண்டு வருடம் கழித்து மறுபடி போன் வருவது உண்டு. அன்றைக்கு அந்த பி.டி.எஃப்.பை வங்கியின் நோடல் அதிகாரிக்கு அனுப்பி, ஏஜென்சியின் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை நீக்கியதாக எழுத்தில் பதில் கேளுங்கள்.